வாகனத்துள் இருக்கும் நஞ்சும் அதனைத் தடுக்க வந்த சட்டமும்

கார், லொறி செய்பவர்களைப் பற்றி ஒரு கிராமிய அபிவிருத்தி ஏட்டில் எழுதவேண்டிய தேவை என்ன என்று எமது வாசகர்களுட் சிலர் கேட்கக்கூடும். சொந்தக் காணியை விட்டு வந்து, பிறர் நிலத்தில் கொட்டில் போட்டிருக்கும் ஒரு கமக்காரருக்கு ஐரோப்பாவிலும் யப்பானிலும் உள்ள வாகன உற்பத்தியாளரின் சிக்கல் எதற்கு?

ஆனால் எம்மைச் சுற்றிப் பார்ப்போம். மின்சாரம் எட்டாத கொட்டில்களில் இரவு வெளிச்சத்துக்கும் றேடியோவுக்கும் உதவியது பழைய வாகனப் பற்றறிதான். இடம்பெயரும்போது லாண்ட்மாஸ்ரரையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் எப்பாடுபட்டேனும் இழுத்துக்கொண்டு வந்தவர்கள் பலர். பழுதாகிப்போன ரயரும் பற்றறியும் பிறேக் கட்டையும் எமது வளவு மூலைகளிலேயே கிடக்கின்றன. இவற்றுள் என்னென்ன பொருட்கள் இருக்கின்றன, அவற்றுள் எவை நஞ்சு, அவற்றைத் தடுக்க உலகில் என்ன சட்டங்கள் வந்தன, அச்சட்டங்களினால் உற்பத்தியாளர் எதை மாற்றினார், எதை மாற்றவில்லை என்பவற்றை அறிந்துகொண்டால் எமது பிள்ளைகளைக் காப்பாற்றும் வழியும் தெரியவரும். அதற்காகவே இக்கட்டுரை.

ஈயம் கலந்த பெற்றோல்: ஒரு பழைய பாடம்

1921ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில், ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் ஆய்வாளர்கள் பெற்றோலில் சிறிதளவு ஈயச் சேர்வை கலந்தால் இயந்திரம் தட்டும் சத்தம் நின்று நன்றாக இழுக்கும் என்று கண்டார்கள். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே நியூ ஜேர்சி மாநிலத்தில் அச்சேர்வையைத் தயாரித்த ஓர் ஆலையில் ஐந்து தொழிலாளர்கள் ஈய நஞ்சினால் சித்தம் கலங்கி இறந்தார்கள். அப்படியிருந்தும் விற்பனை நிற்கவில்லை. வாகனப் புகையோடு ஈயம் வெளியேறி, வீதியோரத்து மண்ணிலும் மனிதரின் குருதியிலும் பல பத்து ஆண்டுகளாகச் சேர்ந்தது.

இதற்கு முடிவு வந்த விதம் கவனிக்கத்தக்கது. 1970ஆம் ஆண்டு அமெரிக்காவில் வந்த வளிமாசுச் சட்டம், புகையிலுள்ள வேறு நச்சு வாயுக்களைக் குறைக்கும்படி வாகன உற்பத்தியாளருக்குக் கட்டளையிட்டது. அதற்காக அவர்கள் புகைக்குழாயில் பிளாற்றினம் பூசிய ஒரு வடிகருவியைப் பொருத்தவேண்டி வந்தது. 1975ஆம் ஆண்டு மாதிரிகளில் இது பரவலாகப் பொருத்தப்பட்டது. பிளாற்றினத்தின்மேல் ஈயம் படிந்தால் கருவி செத்துவிடும். எனவே ஈயமற்ற பெற்றோலும் விற்கப்பட வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் ஈயத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த அதே துறை, தனது புதிய கருவியைக் காப்பாற்ற ஈயம் வேண்டாமென்று சொல்லும் நிலைக்கு வந்தது.

அமெரிக்காவில் வீதி வாகனங்களுக்கான ஈயப் பெற்றோல் 1996இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. எமது நாட்டில் 2002இல் அது நின்றது. உலகில் கடைசியாக 2021 யூலையில் அல்ஜீரியா அதைக் கைவிட்டது. விற்பனை தொடங்கியதிலிருந்து கணக்கிட்டால் 98 ஆண்டுகள். தீங்கு தெரிந்தவுடன் சட்டம் வந்துவிடும் என்று எண்ணி இருப்பவர் ஏமாறுவார் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

ஐரோப்பாவின் 2000ஆம் ஆண்டுக் கட்டளை

பெற்றோலோடு பிரச்சினை முடியவில்லை. வாகனத்தின் உடலிலேயே நச்சு உலோகங்கள் இருந்தன. பற்றறியிலும், மின்னிணைப்பின் பற்றாசிலும், சில்லைச் சமன்செய்ய விளிம்பில் குத்தும் சிறு கட்டியிலும் ஈயம் இருந்தது. சில ஆளிகளில் இரசம் இருந்தது. மின்பாகங்களிலும் நிறப்பூச்சிலும் கட்மியம் இருந்தது. ஆணிகளும் புரிகளும் கறள் பிடிக்காதிருக்கப் பூசப்பட்ட மஞ்சள் நிறப் பூச்சில், புற்றுநோய் தரவல்ல அறுவலுக் குரோமியம் இருந்தது. வாகனம் பழுதாகி நொறுக்கப்படும்போது இவையெல்லாம் மண்ணுக்கும் நீருக்கும் போயின.

இதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2000 செப்டெம்பரில் ஆயுள் முடிந்த வாகனங்கள் பற்றிய ஒரு கட்டளையைப் பிறப்பித்தது. அதன் சாரம் இரண்டு. முதலாவது, 2003 யூலை 1க்குப் பின் சந்தைக்கு வரும் வாகனங்களில் ஈயம், இரசம், கட்மியம், அறுவலுக் குரோமியம் ஆகிய நான்கும் இருக்கக்கூடாது. ஒரே சீரான பொருள் ஒன்றில் கட்மியம் 0.01 வீதத்துக்கும் மற்ற மூன்றும் 0.1 வீதத்துக்கும் மேற்படலாகாது. இரண்டாவது, பழைய வாகனத்தைத் திருப்பி எடுத்துப் பிரித்துப் பயன்படுத்தும் செலவின் பெரும்பகுதியை உற்பத்தியாளரே ஏற்கவேண்டும். 2015 முதல் ஒரு வாகனத்தின் நிறையில் 95 வீதம் மீளப் பயன்பட வேண்டும் என்றும் இலக்கு வைக்கப்பட்டது.

இரண்டாவது விதியே உற்பத்தியாளரின் மனத்தை மாற்றியது எனலாம். விற்றதோடு கைகழுவிய காலம் போய், தான் உள்ளே வைத்ததை ஒருநாள் தானே வெளியே எடுக்கவேண்டும் என்ற நிலை வந்தால், எதை வைப்பது என்று எவரும் இருமுறை யோசிப்பார்.

உற்பத்தியாளர் பட்ட பாடு

ஒரு காரில் புரியாணி முதற்கொண்டு எண்ணினால் ஏறத்தாழ 30,000 பாகங்கள் வரும். அவற்றுட் பெரும்பாலானவற்றைக் கார்க் கம்பனி செய்வதில்லை. வேறு கம்பனிகளிடம் வாங்குகிறது. அக்கம்பனிகளும் பலரிடம் மூலப்பொருளை வாங்குகின்றன. ஆகவே “உமது வாகனத்தில் கட்மியம் உண்டா?” என்று அரசு கேட்டபோது, கார் செய்தவருக்கே விடை தெரிந்திருக்கவில்லை.

எமது தொழிலில் இதைச் சொன்னால் இலகுவில் விளங்கும். சந்தையில் ஒரு மூடை அரிசி வாங்குபவர், இந்த நெல்லுக்கு என்ன மருந்து அடித்தீர் என்று கேட்கிறார் என வைப்போம். வியாபாரி ஆலைக்காரரைக் கேட்கவேண்டும். ஆலைக்காரர் கமக்காரரைக் கேட்கவேண்டும். கமக்காரர் மருந்துப் போத்தலைத் தேடவேண்டும். இப்படி முப்பதாயிரம் மூடைகளுக்கும் கேட்டால் எப்படியிருக்கும்?

இதற்காக 2000ஆம் ஆண்டளவில் பெரிய கார்க் கம்பனிகள் பல ஒன்றுசேர்ந்து பொதுவான கணினிப் பதிவேடு ஒன்றை உருவாக்கின. பாகம் விற்பவர் எவராயினும் அதில் என்ன பொருள் எத்தனை வீதம் உண்டு என்று அதில் பதியவேண்டும். பதியாதவரிடம் கொள்வனவு இல்லை. தொழிற்சாலைகளில் ஆய்வுகூட வசதியில்லாத சிறு பாகக்காரருக்கு இது பெரும் சுமையாயிற்று.

நஞ்சை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதும் இலகுவன்று. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசு 183 பாகை வெப்பத்தில் உருகும். அதற்குப் பதிலாக வந்த வெள்ளீயம், வெள்ளி, செம்புக் கலவைக்கு ஏறத்தாழ 217 பாகை வேண்டும். அந்தச் சூட்டைத் தாங்காத மின்பாகங்களையும் மாற்றவேண்டி வந்தது. குரோமியப் பூச்சை மாற்றியபோது புரியின் வழுக்கும் தன்மை மாறியது. முன்பு இறுக்கிய அதே விசையில் இறுக்கினால் பிடிப்பு வேறாக இருந்தது. சில்லைப் பிடித்திருக்கும் புரி கழன்றால் உயிர்ச்சேதம் அல்லவா? ஆகவே ஒவ்வொரு மாற்றமும் பல மாதங்கள், சில வேளைகளில் பல ஆண்டுகள் ஓடவிட்டுப் பரிசோதிக்கப்பட்டது.

2007ஆம் ஆண்டுப் பெருஞ்சட்டம்

நான்கு உலோகங்களைத் தடுத்த பின்னர், 2007 யூன் 1 முதல் ஐரோப்பாவில் ‘றீச்’ எனப்படும் இரசாயனச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு ஒரு தொன் அல்லது அதற்கு மேல் ஒரு இரசாயனத்தைச் செய்பவரோ இறக்குமதி செய்பவரோ, அதன் தீங்குகளைப் பற்றிய தரவைக் கொடுத்துப் பதியவேண்டும். தரவு இல்லையேல் சந்தை இல்லை. முன்பு தீங்கு உண்டென்று அரசு நிரூபிக்கவேண்டியிருந்தது. இப்போது பாதுகாப்பாகப் பாவிக்கலாம் என்று விற்பவர் காட்டவேண்டும். சுமை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியது.

மிகவும் கவலைக்குரிய பொருட்களுக்கெனத் தனியான பட்டியல் ஒன்றும் உண்டு. 2008இல் 15 பொருட்களுடன் தொடங்கிய அப்பட்டியலில் இன்று 240க்கு மேற்பட்டவை உள்ளன. 2018இல் ஈயமும் அதிற் சேர்க்கப்பட்டது. ஒரு பண்டத்தில் இவற்றுள் ஒன்று 0.1 வீதத்துக்கு மேல் இருந்தால், வாங்குபவர் கேட்டு 45 நாட்களுக்குள் விற்பவர் தெரிவிக்கவேண்டும்.

கார்க் கம்பனி இரசாயனம் செய்வதில்லையே, அதற்கென்ன பாதிப்பு என்று நினைக்கலாம். பாதிப்பு மறைமுகமானது. ஒரு பசையையோ பூச்சையோ செய்பவர், பதிவுச் செலவுக்கு ஏற்ற வருமானம் இல்லையென்று அதன் உற்பத்தியையே நிறுத்திவிடலாம். அப்போது அதை நம்பியிருந்த கார்க் கம்பனி புதிய பசையைத் தேடி, மீண்டும் பரிசோதனையில் இறங்கவேண்டும்.

ரயரிலும் இவ்வாறே நடந்தது. றப்பரை இளக்கச் சேர்க்கும் சில எண்ணெய்களில் புற்றுநோய் தரும் சேர்வைகள் இருந்தன. ஐரோப்பா அவற்றுக்கு எல்லை வகுத்தது. 2010 சனவரி 1 முதல் அந்த எல்லையை மீறிய எண்ணெயில் செய்த ரயருக்கு அங்கே இடமில்லை. எமது நாட்டு றப்பரில் செய்யப்படும் திண்ம ரயர்கள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகின்றன. ஆகவே அங்கே எழுதப்பட்ட சட்டம் இங்குள்ள ஆலையையும் கட்டுப்படுத்துகிறது.

காலம் கொடுத்தலும் கொடாமையும்

இவ்விடத்தில் எமது சொந்த அனுபவம் ஒன்றை நினைவுகூர வேண்டும். 2021 மே மாதத்தில் எமது நாட்டில் இரசாயன உரத்தினதும் கிருமிநாசினியினதும் இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. போதிய சேதனப் பசளை இருக்கவில்லை. மாற்று வழியைப் பழகக் காலமும் இருக்கவில்லை. விளைச்சல் வீழ்ந்தது. அவ்வாண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. இரசாயனத்தைக் குறைக்கவேண்டும் என்ற நோக்கம் தவறன்று. நடைமுறைப்படுத்திய விதமே கமக்காரரை வீழ்த்தியது.

ஐரோப்பிய வாகனச் சட்டத்தை இதனோடு ஒப்பிடுவோம். 2000இல் கட்டளை, 2003இல் தடை. இடையில் மூன்று ஆண்டுகள். மாற்றுப் பொருள் இல்லாதவற்றுக்கு விதிவிலக்குப் பட்டியல் ஒன்றும் இருந்தது. கறள் தடுப்புப் பூச்சுக்கு 2007 யூலை வரை தவணை கொடுக்கப்பட்டது. 2003க்கு முன் விற்ற வாகனங்களுக்கு உதிரிப்பாகம் கிடைக்கவும் வழி விடப்பட்டது. மாற்று வந்ததும் விதிவிலக்குகள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்டன.

பெருங்கம்பனிகளுக்கு ஆண்டுக்கணக்கில் தவணை கிடைத்தது; ஏழைக் கமக்காரருக்கு ஒரு போகம்கூடக் கிடைக்கவில்லை. அதிகாரிகளிடம் பேசும் வாய்ப்புக் கிடைக்கும்போது எமது கமக்காரர் சங்கங்கள் இதை எடுத்துச் சொல்லவேண்டும். நல்ல சட்டத்துக்கு மூன்று தேவை: உண்மையான காரணம், கைக்கெட்டும் மாற்று, போதிய தவணை.

சட்டம் எட்டாத இடம்

சட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது புதிய வாகனத்தையே பெரும்பாலும் பார்க்கிறது. பழையது எங்கே போகிறது? ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டம் 2020இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2015 முதல் 2018 வரை ஐரோப்பா, யப்பான், அமெரிக்கா ஆகியவற்றிலிருந்து ஒரு கோடியே 40 இலட்சம் பாவித்த வாகனங்கள் ஏற்றுமதியாகின. அவற்றிற் பெரும்பகுதி வறிய நாடுகளுக்கே சென்றது. எமது நாட்டில் 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் பழைய வாகனங்களை மேலும் பழுதுபார்த்து ஓட்டினோம்.

பிறேக் கட்டையைப் பாருங்கள். ஐரோப்பாவில் 2005 முதலும் யப்பானில் 2004 ஒக்ரோபர் முதலும் கல்நார் கலந்த பிறேக் கட்டை விற்பனைக்கு இல்லை. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகளின் பின் புற்றுநோயாக வெளிப்படும். ஆனால் அதற்கு முன் செய்த வாகனங்கள் எமது வீதிகளில் இன்னும் ஓடுகின்றன.

பற்றறியோ சட்டத்தின் விதிவிலக்கிலேயே இருக்கிறது. மாற்று இல்லாததால் ஈயப் பற்றறிக்கு ஐரோப்பா இடம் விட்டது. ஆனால் பழைய பற்றறியை முழுதாகத் திரட்டி, மூடிய ஆலையில் உருக்கும் ஒழுங்கை அங்கே வைத்திருக்கிறார்கள். ஒரு கார்ப் பற்றறியில் 8 முதல் 10 கிலோ வரை ஈயம் உண்டு. அந்த ஒழுங்கு இல்லாத இடத்தில் என்ன நடக்கும்?

ஆபிரிக்காவின் செனகல் நாட்டில், டாக்கர் நகரை அண்டிய தியாரோய் என்ற வறிய குடியிருப்பில் நடந்ததைச் சொல்வோம். அங்கு பழைய பற்றறிகளை உடைத்து ஈயம் எடுத்துவந்தார்கள். ஈயத்தின் விலை ஏறியபோது, முன்பு பற்றறி உடைத்த இடத்து மண்ணையே அரித்து ஈயத் துணுக்குகளைப் பொறுக்கத் தொடங்கினார்கள். பெண்கள் வீட்டு முற்றத்தில் மண்ணை அரித்தார்கள். பிள்ளைகள் பக்கத்தில் விளையாடினார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையான ஐந்து மாதங்களுக்குள் 18 பிள்ளைகள் இறந்தார்கள். அந்தத் தாய்மார் செய்தது களவோ குற்றமோ அன்று. கிடைத்ததை விற்று அடுப்பெரிக்கப் பார்த்தார்கள். எம்மவர் நிலையும் அதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

ஈயம் ஏன் பிள்ளைகளை முதலில் தாக்குகிறது? வாயினுட் போகும் ஈயத்தில் வளர்ந்தவரைவிட நான்கைந்து மடங்கைச் சிறுபிள்ளையின் உடல் உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளை இன்னும் கூடுதலாக உறிஞ்சும். முகாம்களில் போசாக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆபத்து இரட்டிப்பு. மூளையில் ஏற்படும் பாதிப்பு முற்றாக மாறுவதில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு.

நாம் செய்யக்கூடியவை

1. பழைய பற்றறியை ஒருபோதும் உடைக்கக்கூடாது. அசிட்டை ஊற்றாமல் முழுதாகவே பழைய இரும்பு வாங்குபவரிடமோ பற்றறிக் கடையிலோ கொடுக்கவேண்டும். விற்கும்வரை நிமிர்த்தி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், கிணற்றுக்குத் தூரமாக வைக்கவேண்டும்.

2. வலைக்குக் குண்டு வார்ப்பதற்கோ விற்பதற்கோ வீட்டில் ஈயம் உருக்கக்கூடாது. சமைக்கும் பாத்திரத்தில் உருக்குவது மிகவும் கொடியது. சில்லில் கழன்ற ஈயக் கட்டிகளைப் பிள்ளைகள் விளையாட எடுக்கவிடக்கூடாது.

3. வெறும் பற்றறிப் பெட்டியை மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவோ நாற்று வளர்க்கவோ பாவிக்கக்கூடாது. எத்தனை முறை கழுவினாலும் ஈயம் முற்றாகப் போய்விட்டதென்று நம்ப முடியாது.

4. பிறேக் கழற்றும்போது தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவேண்டாம். நனைத்த துணியால் துடைத்து, அத்துணியைப் பையிற் கட்டி எறியவேண்டும்.

5. கழிவு எண்ணெயைக் கிணற்றருகே ஊற்றக்கூடாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் மேலே ஊற்றியது விரைவில் கீழே நீரைச் சேரும். ரயரைக் கொளுத்துவதும் கூடாது.

6. கராஜிலும் பற்றறிக் கடையிலும் வேலைசெய்யும் இளைஞர்கள் வீடு வந்ததும் பிள்ளையைத் தூக்குமுன் குளித்து உடை மாற்றவேண்டும். அவ்வுடையை வேறாகத் தோய்க்கவேண்டும்.

7. பிள்ளைகளைச் சாப்பிடுமுன் கைகழுவப் பழக்குவோம். முருங்கையிலை, கீரை, நெத்தலி போன்றவற்றை அடிக்கடி கொடுப்போம். காரணமின்றி வயிற்றுவலி, சோர்வு, வலிப்பு, படிப்பில் பின்னடைவு காணப்பட்டு, அருகில் பற்றறி வேலையும் நடந்தால், வைத்தியரிடம் அதை மறக்காமற் சொல்லவேண்டும்.

கூட்டாகவும் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு குடியேற்றத்திலும் மாதத்துக்கு ஒருநாள் பழைய பற்றறிகளை ஓரிடத்தில் சேர்த்து, சங்கத்தின் பெயரில் மொத்தமாக விற்றால் விலையும் கூடும். உடைக்கும் தேவையும் இராது. பங்கு இளைஞர் மன்றங்கள் இதை எடுத்துச் செய்யலாம்.

ஐரோப்பாவின் சட்டங்கள் கம்பனிகளின் இரக்கத்தினால் வந்தவை அல்ல. தொழிலாளரும் வைத்தியரும் பெற்றோரும் பல ஆண்டுகள் கேட்டதனால் வந்தவை. விற்றவரே பொறுப்பேற்க வேண்டும் என்ற நியாயத்தை அவர்கள் சட்டமாக்கினார்கள். அந்த நியாயம் ஏழை நாட்டுக்கும் உரியது. பாவித்த வாகனத்தை இங்கே விற்பவரும், பற்றறியை இங்கே இறக்குபவரும் அவற்றின் முடிவுக்கும் பொறுப்பேற்கவேண்டும் என்று கேட்கும் உரிமை எமக்குண்டு. இறைவன் எம்மிடம் ஒப்படைத்த மண் இது. இன்று நாம் தங்கியிருப்பது பிறருடைய காணியாக இருக்கலாம். நாளை எமது காணிக்குத் திரும்பலாம். எந்த நிலமாயினும், பிள்ளைகள் கைவைத்து விளையாடக்கூடிய மண்ணாக அதை விட்டுச்செல்வது எமது கடமையாகும்.